எங்கள் கேட் தூணில் போட்ட சிவப்புக் கோடு

சாந்தோம், சென்னை.
தை மாதம் 22, வியாழக்கிழமை.

கடலுக்கு வெகு தொலைவில், நங்கநல்லூரில், சகல சௌகரியங்களுடன் வாழ்ந்துவரும் மாப்பிள்ளை ஆனந்தகுமார் அவர்களுக்கு, சாந்தோம் சுயம்புலிங்கம் எழுதிக்கொண்டது. இங்கு நானும் தங்கள் அக்காள் சுலோச்சனாவும் இறையருளால் நலம். தங்கள் நலமறிய ஆவல் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். ஆனால் தாங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். திட்டம் போட்டது போட்டபடி நடக்கிறவர்களுக்கு உடம்புக்கு என்ன வரப்போகிறது? சகோதரி ஷீலாவுக்கு இடுப்பு வலி தேவலையா என்று சுலோச்சனா கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

இனிமேல் 'நீ' என்றே எழுதுகிறேன், 'தாங்கள்' என்று எழுதக் கை கூசுகிறது. இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு, போன் பண்ணினால் போதாதா என்று நீ நினைப்பாய். போனில் பேசினால் நாளைக்கு "நான் அப்படிச் சொல்லவே இல்லை அத்தான்" என்பாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் படித்துவிட்டு, பதிலையும் அனுப்பிவிட்டு, அப்புறம் எல்லாருக்கும் சேர்த்து அழித்துவிடுவாய். போன தீபாவளிக்கு நீ எதையோ அனுப்பி அழித்தது இன்னும் என் போனில் அடையாளமாக நிற்கிறது. என்ன அனுப்பினாய் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆகவே இது ஸ்பீடு போஸ்ட்டில் வருகிறது. நீயும் கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, கடிதமாகவே பதில் எழுது. கேள்வி ஒன்றே ஒன்றுதான். ஜனவரி 27, செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு எங்கள் வீட்டு வாசலில் மூன்று கால் ஸ்டாண்டு, அளவுக் கம்பு, டேப்லட், சிவப்புப் பெயிண்ட் டப்பா சகிதம் வந்து இறங்கிய ஆட்களை அனுப்பியது நீயா, இல்லையா?

அவசரப்பட்டு 'இல்லை' என்று எழுதிவிடாதே. கொஞ்சம் பின்னால் போய்ப் பார். காணும் பொங்கலன்று மத்தியானம், கடற்கரைக்குப் போன ஜனம் எல்லாம் எங்கள் தெருவில் வண்டியை நிறுத்திவிட்டுப் போயிருக்க, நீ எங்கள் வீட்டில் உட்கார்ந்து மூன்றாவது வடையை வாயில் வைத்துக்கொண்டு என்ன சொன்னாய்? "அத்தான், இன்னும் இருபது வருஷத்துல உங்க ஹால்ல அலை அடிக்கும். என் வீட்டு மாடி சும்மாதான் கெடக்கு. ரெண்டு பேரும் பேசாம அங்க வந்துடுங்க" என்றாய். நான் பாயசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அக்காள் உன்னைப் பார்த்தாள். நீ அவளைப் பார்த்தாய். அந்தப் பார்வையை நான் பார்த்தேன். அதிலிருந்து சரியாகப் பத்தாவது நாள் வாசலில் ஸ்டாண்டு நிற்கிறது. இது தற்செயல் என்று நீ சொன்னால், முப்பத்து நான்கு வருஷம் எடையளவு முத்திரை ஆய்வாளராக இருந்தவனிடம் சொல்கிறாய் என்பதை மனதில் வைத்துக்கொள்.

என் சர்வீசில் தற்செயல் என்று ஒன்றை நான் பார்த்ததே கிடையாது. தி.நகரில் ஒரு பருப்புக் கடைக்காரர், நெற்றி நிறைய விபூதி, கல்லாவுக்கு மேலே பதினோரு சாமி படம். அவர் தராசுத் தட்டுக்கு அடியில் பீடித் துண்டு அளவு காந்தம் ஒட்டியிருந்தது. "பேரப்புள்ள விளையாட வச்சது சார்" என்றார். விசாரித்தால் அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. அன்றைக்கு முடிவு செய்தேன், எந்த மனுஷன் எதை அளந்தாலும் அவன் கையைப் பார்க்கக் கூடாது, தட்டுக்கு அடியில் பார்க்க வேண்டும் என்று. இந்த விஷயத்தில் தட்டுக்கு அடியில் நான் பார்க்கிற முகம் உன்னுடையது.

வந்தது இரண்டு பேர். ஷாஹுல் ஹமீது என்று ஒருவர், ஐம்பது வயதிருக்கும், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக, பேச்சில் ரொம்ப மரியாதை. மரியாதை ஜாஸ்தியாக இருந்தாலே நான் உஷாராகிவிடுவேன். இன்னொருத்தி மெஹக் என்று ஒரு பெண், கையில் டேப்லட். ஏதோ ஆராய்ச்சிக் குழுவாம். கடல் மட்டம் ஏறினால் கரையோரத்தில் எந்தத் தெருவுக்கு எவ்வளவு ஆபத்து என்று மதிப்பீடு செய்கிறார்களாம். உள்ளே வரலாமா என்று கேட்டாள். நான் அடையாள அட்டை கேட்டுக்கொண்டிருக்கும்போதே உன் அக்காள் இரண்டு நாற்காலி போட்டு, மோர் கொண்டுவந்து வைத்துவிட்டாள். எதிர்பார்த்துக்கொண்டிருந்தவள் மாதிரி! மோரில் கொத்தமல்லி கிள்ளிப் போட்டிருந்தது மாப்பிள்ளை. எனக்குக் கொடுக்கிற மோரில் கொத்தமல்லி கிடையாது.

அந்தப் பெண் கேட்ட கேள்விகளைக் கேள். "வீட்ல எத்தன பேர் அங்கிள்?" இரண்டு பேர். "அறுபது வயசுக்கு மேல?" அதே இரண்டு பேர்தான். "முட்டி வலி, பிரஷர், சுகர்?" நான் வாயைத் திறப்பதற்குள் சுலோச்சனா, "எல்லாம் இருக்கு, எழுதிக்கோம்மா" என்று தாராளமாக எடுத்துக் கொடுக்கிறாள். "நீச்சல் தெரியுமா அங்கிள்?" பேஷாகத் தெரியும் என்றேன். "கடைசியா எப்ப நீந்துனீங்க?" ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதில், தாமிரபரணியில் என்றேன். அவள் டேப்லட்டில் 'இல்லை' என்பதைத் தொட்டதை நான் பார்த்தேன். "தண்ணி வந்தா எங்க போவீங்க?" எங்கேயும் போக மாட்டேன் என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், உன் அக்காள் கண்ணை இமைக்காமல், "நங்கநல்லூர். என் தம்பி வீடு. மாடி காலியாத்தான் இருக்கு" என்கிறாள். காணும் பொங்கலன்று நீ சொன்ன அதே வாக்கியம். இது போதாதா?

அப்புறம் வந்தது பெரிய சண்டை. "அந்த டிசம்பர் மழையில உங்க வீட்ல எவ்ளோ தண்ணி வந்தது?" என்று கேட்டாள். நான் எழுந்து போய் நோட்டை எடுத்துவந்து காட்டினேன். உனக்கே தெரியும், ஊரே அலறியடித்து ஓடின அன்றைக்கு, நான் குடையைப் பிடித்துக்கொண்டு கேட் பக்கத்தில் நின்று, இரும்பு ஸ்கேலை வைத்துக் கால் மணிக்கு ஒருமுறை அளந்து குறித்தவன். மாலை நாலே காலுக்குப் பதினேழரை அங்குலம். முழங்காலுக்குக் கீழே. அதற்கு மேல் ஒரு நூல் ஏறவில்லை. சுலோச்சனா என்ன சொன்னாள் தெரியுமா? "இடுப்பளவும்மா." பார்த்துக்கொள்! என் நோட்டு எதிரிலேயே! "அளந்ததை எழுதும்மா" என்றேன். "நின்னவ சொல்றேன், எழுதும்மா" என்றாள். அந்தப் பெண் இரண்டையும் எழுதிக்கொண்டாள். இப்படியும் ஒரு ஆராய்ச்சியா? கடைசியில் எங்கள் வீட்டுக்கு ஐந்துக்கு நாலு மதிப்பெண் என்றாள். நானும் பரவாயில்லையே என்று சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, ஆபத்துக்கு மதிப்பெண்ணாம். வயது, தரைத்தளம், முட்டி, எல்லாவற்றுக்கும் சேர்த்து. கடலுக்கும் என் முட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், "தண்ணி ஏறுறப்ப நீங்களும் ஏறணுமே அங்கிள்" என்கிறாள். வாய் இருக்கிறது பார்.

நான் வெளியே போய் ஷாஹுல் ஹமீதைப் பிடித்துக்கொண்டேன். அளவுக் கம்பைக் காட்டும் என்றேன். தயங்காமல் கொடுத்தார். என் ஸ்டீல் டேப்பை வைத்துக் கீழிருந்து மேல்வரை ஒத்துப் பார்த்தேன். மயிரிழை பிசகவில்லை. அதுதான் என் சந்தேகத்தை அதிகமாக்கியது. யோக்கியமானவன் அளவு எங்கேயாவது கொஞ்சம் பிசகும், இவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்றால் சோதனைக்குத் தயாராகவே வந்திருக்கிறான் என்று அர்த்தம். அவர் கருவியைப் பார்த்துவிட்டு, "சார், உங்க வீடு ரோட்டுக்கு ஒன்றரை அடி கீழ இருக்கு" என்றார். வீடு இறங்கவில்லை ஐயா, ரோட்டு மேல் ரோடு போட்டு ரோடுதான் ஏறியிருக்கிறது, போய் ரோட்டை விசாரியும் என்றேன். சிரித்தார்.

சிரித்துக்கொண்டே பெயிண்ட் டப்பாவைத் திறந்து, எங்கள் கேட் தூணில், ரோட்டைப் பார்த்த பக்கத்தில், படுக்கையாக ஒரு சிவப்புக் கோடு, அதற்குக் கீழே ஒரு அம்புக்குறி, பக்கத்தில் ஒரு நம்பர். தரையிலிருந்து முப்பத்து மூன்று அங்குலம், நான் அளந்தேன். "இதைத் தொடாதீங்க சார், வெள்ளிக்கிழமை வருவோம், இங்கேருந்துதான் ஆத்தோரம் வரைக்கும் போகணும்" என்றார். அப்படியானால் கடல் இதுவரைக்கும் ஏறும் என்கிறீரா என்று கேட்டேன். "இல்ல சார், இது தண்ணிக் கோடு இல்ல. நாங்க அளக்க ஆரம்பிக்கிற கோடு" என்றார். 'இது அது இல்ல சார்' என்பதை நான் முப்பத்து நான்கு வருஷம் கேட்டவன். காந்தத்தை எடுத்துக் கையில் கொடுத்தபோதுகூட அந்தப் பருப்புக் கடைக்காரர் இது காந்தம் இல்ல சார் என்றார்.

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க வந்து பார்த்துவிட்டுப் போனது. பார்த்தவர்கள் எல்லாரும் கோட்டையும் பார்த்து, தங்கள் இடுப்பையும் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். மாடி போர்ஷன் வைதேகி மாமி இறங்கி வந்து பார்த்து, "சமுத்திரராஜன் அடையாளம் வச்சுட்டுப் போயிருக்கான், நம்மாத்து வாசல்ல வந்தா வச்சிருக்கான்!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். புதன்கிழமை காலையில் கோட்டுக்கு மேலே மஞ்சள், நடுவில் குங்குமம், அம்புக்குறிக்கு ஒரு முழம் கதம்பம். வியாழக்கிழமை யாரோ ஒருத்தர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கும்பிட்டார். நாற்பது வருஷம் வாழ்ந்த வீட்டு வாசலில் இதுவரை எனக்கு யாரும் செருப்பைக் கழற்றியது கிடையாது. புரோக்கர் ஒருவர் போன் பண்ணி, "வீட்ட குடுக்குற ஐடியா இருக்கா சார்?" என்று அனுதாபமாகக் கேட்டார். உன் மாடி, உன் அக்காள், கோடு, புரோக்கர். எல்லாம் ஒரே வரிசையில் வந்து நிற்கிறது மாப்பிள்ளை. சொல்லிவிடுகிறேன், இந்த வீட்டை விட்டு நான் அசைய மாட்டேன். என் ஸ்டூல், என் ஜன்னல், நாலு மணிக்கு வருகிற கடல் காற்று, இதெல்லாம் உன் மாடியில் கிடைக்காது.

வியாழக்கிழமை செண்பகம் வந்தாள். எங்கள் வீட்டில் ஒன்பது வருஷமாக வேலை செய்கிறவள், ஆற்று முகத்துவாரத்து ஓரத்தில் குடியிருக்கிறாள், உனக்குத் தெரியும். பாத்திரத்தைப் போட்டது போட்டபடி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். "சாரு, நாளிக்கு எங்க சைடு அளக்க வர்றாங்களாமே? அளந்தா அவ்ளோதான் சாரு. எங்க அக்கா வூட்டாண்ட இப்டித்தான் அளந்துக்கினு போனாங்க. ஒரு வருசம் கயிச்சு லாரி வந்துது. இப்ப ஊருக்கு அப்பால எங்கியோ போட்டு வச்சிகிறாங்க. அங்கேருந்து வேலைக்கு வர ரெண்டு பஸ்ஸு மாறணும்" என்றாள்.  எனக்குக் கோபம் வந்ததே பார்! கோபம் உன் மேல்தான். உன் மாடிக்கு ஆள் பிடிக்க நீ போட்ட கோடு செண்பகத்தின் வீடுவரைக்கும் போகிறது என்றால் நான் சும்மா இருப்பேனா?

இனி எழுதப்போவதை ஷீலாவிடம்கூடச் சொல்லாதே. அன்று மத்தியானம் சுலோச்சனா சாப்பிட்டுவிட்டுப் படுத்தாள். நான் பிளேடு, தின்னர், ஆயுத பூஜைக்குக் கேட்டுக்குப் பூசி மிஞ்சிய சிவப்புப் பெயிண்ட், ஸ்டீல் டேப், ரசமட்டம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வெளியே போனேன். பூவை ஒதுக்கிவிட்டு, கோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, சரியாக ஒரு அடி கீழே, இருபத்தொரு அங்குலத்தில், அதே கோடு, அதே அம்புக்குறி, அதே நம்பர் எழுதினேன். கடல் ஒரு அடி கீழேயே நிற்கட்டும் என்று. ரசமட்டம் வைத்துத்தான் இழுத்தேன். பொய்க் கோடாக இருந்தாலும் சாய்வாகப் போட எனக்கு மனசு வரவில்லை. ஆனால் ஒன்று மாப்பிள்ளை. எத்தனை பேர் தராசைப் பறிமுதல் செய்திருப்பேன், எத்தனை எடைக்கல்லின் அடியில் ஈயத்தைச் சுரண்டினதைக் கண்டுபிடித்திருப்பேன். அவர்கள் எல்லாரும் வரிசையாக நின்று என்னைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஷாஹுல் ஹமீது வந்தார். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கோடு இருக்கிற பக்கம் எனக்குத் தெரியாது, கம்பின் உச்சி மட்டும் தெரிந்தது. கூட வந்த ஆளை நிறுத்திக் கம்பைக் கோட்டில் பொருத்தினார், கருவியில் பார்த்தார், குறித்தார். கருவியைத் திருப்பினார், அடுத்த வீட்டு வாசல்படியில் கம்பை வைத்தார், குறித்தார். அந்த நிமிஷத்தில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அளவு பார்த்தே வயிறு வளர்த்தவனுக்கு வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த மனுஷர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். அது தண்ணீர்க் கோடு அல்ல, அவருடைய எடைக்கல். அதை ஒரு தட்டில் வைத்துத்தான் ஆற்றோரத்து வீடுகளை எல்லாம் மறு தட்டில் வைத்து நிறுக்கப் போகிறார். அந்த எடைக்கல்லைத்தான் நான் சுரண்டியிருக்கிறேன். நான் கோட்டை ஒரு அடி இறக்கினால் அளக்கிற வீடெல்லாம் காகிதத்தில் ஒரு அடி உயர்ந்துவிடும். முதலில் மனசைத் தேற்றிக்கொண்டேன். போகட்டும், செண்பகத்தின் வீடு மேட்டில் இருக்கிறது என்றாகிவிட்டால் அவளை யாரும் லாரியில் ஏற்ற மாட்டார்கள், நல்லதுதானே என்று. இருந்தாலும் அன்றிலிருந்து நான் முன்வாசல் வழியாகப் போவதில்லை. கொல்லைப்புறக் கேட்டு வழியாகத்தான் போய்வருகிறேன். அந்தத் தூணை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. "என்னங்க, புதுசா கொல்லை வழி?" என்று சுலோச்சனா கேட்டுவிட்டு ஒரு மாதிரி சிரித்தாள். அந்தச் சிரிப்பும் சரியில்லை. வியாழக்கிழமை சாயங்காலமே அவள் கட்டை விரலில் சிவப்பாக ஏதோ இருந்தது, கேட்டதற்குப் பீட்ரூட் என்றாள். அன்றைக்கு வீட்டில் வாழைக்காய் பொரியல். உனக்குச் சிவப்பு மையில் ஏதாவது எழுதி அனுப்பினாளா? அதற்கும் சேர்த்துப் பதில் எழுது.

நேற்று, புதன்கிழமை, செண்பகம் வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "சாரு, மேட்டர் தெரியுமா? அளந்த பாயாண்டயே கேட்டுட்டேன். யாரையும் தூக்க இல்லியாம். எந்த வரிசை ரொம்பப் பள்ளமா கீதோ அந்த வரிசைக்கு மொதல்ல கரையில செவுரு கட்டணும்னு எழுதித் தரப் போறாராம். எங்க வரிசைதான் சாரு பள்ளம், எனக்குத் தெரியாதா? போன தபா தண்ணி உள்ள வந்தப்ப எம் பொண்ணுக்குப் பரீட்ச. அவ புக்கையெல்லாம் புடவையில மூட்டையா கட்டி ஃபேன்ல தொங்கவுட்டுட்டு, ராத்திரி பூரா நாங்க பெஞ்சு மேல நின்னுக்கினு இருந்தோம். இந்த தபா அந்தக் கதையே கெடையாது" என்றாள். நான் காப்பியை அப்படியே வைத்துவிட்டேன். ஆற்றின் அந்தப் பக்கத்து வரிசைகளை வேறு ஒரு கோட்டிலிருந்து அளந்திருக்கிறார்கள், ஆற்றோரத்தில் எங்கள் தூணிலிருந்து அளந்தது செண்பகத்தின் வரிசையை மட்டும். அந்த வரிசை மட்டும் காகிதத்தில் ஒரு அடி மேட்டில் ஏறி நிற்கப்போகிறது. சுவர் அந்தப் பக்கம் போய்விடும். தண்ணீர் இந்தப் பக்கம் வரும். காந்தம் வைத்த பருப்புக் கடைக்காரர் கிலோவுக்கு ஐம்பது கிராம்தான் அடித்தார். நான் ஒரு வரிசைக்கே ஒரு அடி அடித்திருக்கிறேன்.  அழுகையே வந்துவிட்டது, சொல்வதற்கென்ன.

நாளை மறுநாள், சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, மந்தைவெளியில் ஒரு கல்யாண மண்டபத்தில் அளந்த கணக்கை ஜனங்களுக்குப் படித்துக் காட்டப் போகிறார்கள். அங்கே எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, கோட்டை இறக்கியது நான்தான், எல்லாவற்றையும் மறுபடி அளந்துவிடுங்கள் என்று சொல்லிவிடப் போகிறேன். பென்ஷனை நிறுத்துவார்களோ, போலீஸைக் கூப்பிடுவார்களோ, தெரியாது. சுலோச்சனாவிடம் சொல்லவில்லை. இந்தக் கடிதம் அதற்குள் கிடைத்தால் நீயும் வந்து என் பக்கத்தில் நில். அந்த ஆட்களை நீ அனுப்பியிருந்தால் குற்ற உணர்ச்சியோடு வா, அனுப்பவில்லை என்றால் சும்மா வா. ஷீலாவுக்கு என் அன்பு. பேரன் பேத்திகள் உயரமாக வளர்ந்து, எப்போதும் மேட்டிலேயே குடியிருந்து, யாருடைய அளவையும் திருத்தாமல் நூறு வருஷம் வாழ என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் மேல் இன்னமும் சந்தேகம் தீராத அத்தான்,
சுயம்புலிங்கம்.

பின்குறிப்பு: சனிக்கிழமை சாயங்காலம். வியாழக்கிழமை தபால் ஆபீஸில் சர்வர் டவுன் என்று கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நல்லதாகப் போயிற்று. மேலே எழுதிய எதையும் நம்பாதே. மண்டபத்தில் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். முன்வரிசையில் செண்பகம் வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தாள். ஷாஹுல் ஹமீது தன் நோட்டைப் புரட்டிவிட்டு, "நீங்க இறக்கினீங்களா? இல்லையே சார். தினமும் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வேற இடத்துல குறிச்சு வச்ச பழைய புள்ளியோட ஒத்துப் பாப்போம். உங்க கோடு பழைய இடத்துலதான் இருந்துச்சு. ரெண்டு மில்லிமீட்டர் பிசகு, அது பரவாயில்ல. பெயிண்ட் புதுசா இருந்துச்சு, மஞ்சள் குங்குமம் பட்டு மங்கிப்போச்சுன்னு சார் அக்கறையா பூசியிருக்காருன்னு நெனச்சேன்" என்றார். மண்டபமே சிரித்தது. செண்பகத்தின் வரிசைதான் எல்லாவற்றிலும் பள்ளம், சுவருக்குப் பட்டியலில் முதல் பேர் அதுதான் என்று படித்தார்கள். எங்கள் வீடும் பட்டியலில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து, ஒன்பது நாளில் முதல் தடவையாக முன்வாசலில் நின்று, பூவை ஒதுக்கி அளந்தேன். முப்பத்து மூன்று அங்குலம். என் இருபத்தொரு அங்குலத்துக் கோட்டின் மேல் சுண்ணாம்பு அடித்திருந்தது. உன் அக்காள் கதவில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்கு மத்தியானம் நான் தூங்கல. நீங்க சுரண்டின தழும்பு இருந்துச்சே, அது மேலயே இழுத்துட்டேன். தையல் மிஷின் இஞ்ச் டேப்தான்" என்றாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். "ஏங்க, அந்த மழையன்னிக்கு நீங்க வாசல்ல ஸ்கேல் வச்சு எழுதிட்டு இருந்தீங்க. கேஸ் சிலிண்டர் மிதக்குற அடுக்களையில நான் ஒத்தையா, இடுப்பளவு தண்ணியில நின்னேன். மூணு தடவ கூப்பிட்டேன். இருங்கிறேன், நாலே கால் ரீடிங் எடுத்துட்டு வர்றேன்னீங்க. அந்தத் தண்ணி எவ்ளோன்னு எனக்குத் தெரியும். அதையும் நீங்க குறைச்சு எழுதினா விட்டுடுவேனா?" என்றாள். அவள் அழவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். ரோட்டுக்கு ஒன்றரை அடி கீழே வீடு, கேட்டில் முழங்கால் என்றால் அடுக்களையில் இடுப்பு. என் நோட்டில் எல்லா ரீடிங்கும் இருக்கிறது. அவள் கூப்பிட்டது இல்லை. ரொம்ப வெட்கமாக இருக்கிறது மாப்பிள்ளை.

ஆகவே இந்த ஐப்பசி பிறந்ததும் நாங்கள் உன் மாடிக்கு வருகிறோம். பெருக்கி வை. மழை முடியும்வரைதான், என் ஸ்டூலையும் கொண்டுவருவேன். ஆட்களை நீ அனுப்பவில்லை என்பதைத் தற்காலிகமாக ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். உன் வீடு மேட்டில் இருக்கிறது, மேட்டில் இருக்கிறது என்று நீ சொல்கிறாயே தவிர, யாராவது அளந்தார்களா? உன் அக்காளை வெறும் வாய்வார்த்தையை நம்பி அங்கே குடிவைக்க முடியாது. நாளைக்கு இல்லை, அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே காலுக்கு, மூன்று கால் ஸ்டாண்டோடும் சிவப்புப் பெயிண்ட் டப்பாவோடும் ஷாஹுல் ஹமீது உன் வீட்டு வாசலுக்கு வருவார். அவரை அனுப்புவது நான்தான். கேட் தூணைத் துடைத்து வை.